அமத்தச் சொன்ன விளக்கு

ஸ்டோர் அறைச் சாவி இப்போது உங்கள் இடுப்பில் இருக்கிறது. இருபத்தாறு வருஷம் அது என் இடுப்பில் கிடந்தது. பென்சினைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். அரைப் பக்கத்தில் எழுதிவிடலாம். நெருப்பின் பக்கம் கொண்டு போகாதே, மூடியைத் திறந்து வைக்காதே, மண்ணில் கொட்டாதே, தண்ணீரில் கலக்காதே. அதைச் சுவரில் ஒட்டுவீர்கள். நாலாம் நாள் அதன்மேல் யாராவது சட்டையைத் தொங்கப் போடுவார்கள். என் காலத்திலும் அப்படி ஒரு தாள் சுவரில் இருந்தது. எழுதி ஒட்டியவன் நானே. ஆகையால் சட்டதிட்டம் எழுதப் போவதில்லை. நான் செய்த தப்பை எழுதுகிறேன். தப்பு என்று ஒருமையில் சொல்வதுகூடச் சரியில்லை.

ஜெர்மன் சண்டை வருவதற்குச் சில வருஷம் முந்திய கதை இது. பாளையங்கோட்டையில் நம் அச்சுக்கூடத்தில் அப்போது கையால் சுற்றும் மிஷின்கள்தான். ஈய எழுத்துகளில் ஒட்டிய மையைக் காரத் தண்ணீராலும் மண்ணெண்ணெயாலும் கழுவிக்கொண்டிருந்தோம். கழுவிய எழுத்து உலர வெகு நேரமாகும். உலர்ந்த பிறகும் பிசுக்குப் போகாது. அந்தச் சமயத்தில்தான் தூத்துக்குடித் துறைமுகம் வழியாகச் சீமையிலிருந்து தகர டின்களில் பென்சின் வந்தது. பார்வைக்குத் தண்ணீர் மாதிரி. துணியில் நனைத்துத் தடவினால் மை கரைந்து ஓடும். துணியைப் பிழிவதற்குள் எழுத்து காய்ந்துவிடும். பிசுக்கு இல்லை, ஈரம் இல்லை. எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர்கள் எல்லாரும் அதற்கு அடிமையானார்கள்.

காய்ந்துவிட்டது என்றால் போய்விட்டது என்று நினைத்தோம். அதுதான் முதல் கோணல்.

கழுவி அழுக்கான பென்சினைத் தொட்டியிலிருந்து எடுத்துக் கொல்லையில் முருங்கை மரத்தடியில் கொட்டுவோம். மண் கொஞ்ச நேரம் கறுத்துக் கிடக்கும், பிறகு பழைய நிறத்துக்கு வந்துவிடும். வெயில் குடித்துவிட்டது என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். முருங்கை பட்டுப்போனது. கம்பளிப்பூச்சி விழுந்திருக்கும் என்றோம். அடுத்த மழைக்காலத்தில் கொல்லைக் கிணற்றுத் தண்ணீர் நாறத் தொடங்கியது. அச்சுக்கூடத்துக்குப் பின்னால் வரிசை வீடுகளில் ஆறு குடும்பங்கள் குடியிருந்தன. மிஷின் சக்கரம் சுற்றுகிறவர்களின் குடும்பங்கள். அவர்களுக்கு அந்தக் கிணறு ஒன்றுதான். ஒரு நாள் காலையில் அந்த வரிசை வீட்டுப் பெண் ஒருத்தி ஸ்டோர் வாசலில் வந்து நின்றாள். கையிலிருந்த செம்பை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். மோந்து பார்த்தேன். அதற்கு மேல் அவள் பேச என்ன இருக்கிறது?

கிணற்றை இறைத்தோம். பத்து நாள் நன்றாக இருந்தது. மழை பெய்ததும் மறுபடி நாற்றம். மறுபடி இறைத்தோம். மறுபடி வந்தது. வெயில் குடித்தது பாதிதான் என்றும், மீதிப் பாதி மண்ணுக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கிறது என்றும், ஒவ்வொரு மழையும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிணற்றுக்குத் தள்ளுகிறது என்றும் அப்போதுதான் புரிந்தது. அந்தக் கிணறு தெளிய இரண்டு வருஷம் ஆயிற்று. அதுவரை அந்தப் பெண்கள் கால்வாய்க்கு நடந்து போய்த் தண்ணீர் சுமந்தார்கள்.

அந்தக் கால்வாயிலாவது கொட்டலாமா என்று ஒரு தடவை பார்த்தேன். ஓடுகிற தண்ணீர்தானே, வயல் வழியாக எங்கேயோ போய்விடும் என்ற எண்ணம். ஒரு செம்பு ஊற்றினேன். தண்ணீரோடு அது கலக்கவே இல்லை. மேலாகப் படர்ந்து, மயில் கழுத்து நிறத்தில் மின்னிக்கொண்டு கரையோரமாகவே போயிற்று. கீழே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த எருமை தலையைத் தூக்கிக்கொண்டு கரையேறிவிட்டது. எருமைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை என்று மேய்த்துக்கொண்டிருந்தவர் சிரித்துக்கொண்டே சொன்னார். வேறு வேலை இல்லையா என்றும் கேட்டார்.

அதோடு, மண்ணிலும் கொட்டுவதில்லை, தண்ணீரிலும் கொட்டுவதில்லை என்று முடிவு செய்தேன். நல்ல முடிவுதான். அழுக்குப் பென்சினைச் சேர்த்து வைத்து, ஊருக்கு வெளியே பொட்டலில் மாதம் ஒரு தடவை கொண்டுபோய் எரித்துவிடலாம் என்று அச்சுக்கூடத்துத் துரையும் சம்மதித்தார். எதில் சேர்த்து வைப்பது? காலி டின்கள் எல்லாம் ஓட்டை விழுந்தவை. காருக்குறிச்சியிலிருந்து புதுப் பானைகள் ஆறு வாங்கினேன். அவற்றுக்குப் பனம்பலகை மூடி. நம் பக்கத்தில் தண்ணீர், மோர், பதநீர், நெல், புளி என்று எதையும் பானையில்தானே வைக்கிறோம்? புதுப் பானையில் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். பானை வியர்க்கிறது, அதனால் குளிர்கிறது. தண்ணீரை வியர்க்கும் பானை பென்சினை வியர்க்காதா? பிறந்த நாள் முதல் பானைத் தண்ணீர் குடித்தவன், அதை யோசிக்கவில்லை. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை என்பார்கள். நான் கிணற்றைக் காப்பாற்றப் போய்ப் பூதத்தை அறைக்குள் அழைத்து வந்தேன்.

நீங்கள் இப்போது காகிதக் கட்டு அடுக்கியிருக்கும் பின் அறைதான் அன்றைய ஸ்டோர். தளம் இப்போது உயர்த்தப்பட்டிருக்கிறது. அப்போது மூன்று படி கீழே இறங்க வேண்டும். யாரோ நெல் போட்டு வைக்கக் கட்டிய அறை. ஆவி சேருமே என்ற பயம் எனக்கும் இருந்தது. ஆவி என்றால் நம்மவர்களில் வேதக்காரர்களுக்குப் பரிசுத்த ஆவி நினைவு வரும், மற்றவர்களுக்குச் செத்தவர்களின் ஆவி நினைவு வரும். இரண்டும் மேலே இருப்பவை. சோற்றுப் பானை ஆவியும் மேலேதான் போகிறது. ஆகவே கூரையை ஒட்டி இரண்டு ஓட்டை போடச் சொன்னேன். நாற்றம் அது வழியாக வெளியே போய்விடும் என்று நிம்மதியாக இருந்தேன். பென்சினின் ஆவி காற்றைவிடக் கனம். அது மேலே ஏறாது. பானையிலிருந்து வழிந்து, தரையைத் தொட்டுக்கொண்டு, பள்ளம் எங்கே என்று பார்த்துப் போய் உட்காரும். கண்ணுக்குத் தெரியாது. மூன்று படி இறங்கிய அறை அதற்கென்றே வெட்டின குளம்.

இனி சூசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். புன்னைக்காயல்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், ஆனாலும் மரியாதைக்கு என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். வாலிபத்தில் கொழும்புக்குப் போகும் தோணிகளில் வேலை செய்தவர். மூச்சுத்திணறல் வந்ததால் கடலை விட்டுவிட்டு, யாரோ சிபாரிசு செய்து எங்கள் ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு வந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்த மை எங்கே, எந்தக் காகிதம் எத்தனையாவது அடுக்கில் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார். அவரிடம் ஒரு வழக்கம். எதைச் சொன்னாலும் செய்து முடித்ததும் அதே சொல்லைத் திருப்பிச் சொல்லுவார். கதவைச் சாத்தும் என்றால், சாத்திட்டேன் என்பார். எடுத்து வையும் என்றால், எடுத்து வச்சிட்டேன் என்பார். தோணியில் அப்படித்தான் பழக்கமாம்; காற்று இரைச்சலில் சொன்னவனுக்குச் செய்தது தெரிய வேண்டுமே.

அது ஐப்பசி மாதம். விடாத மழை. நடுப்பகல் கறுத்துக் கிடந்தது. பள்ளிக்கூடப் புத்தகங்கள் அவசரமாக முடிய வேண்டியிருந்ததால் மூன்று நாளாக மிஷின் நிற்கவில்லை, எழுத்துக் கழுவுவதும் நிற்கவில்லை. ஆறு பானையும் நிறைந்திருந்தன. காகிதம் நனைந்துவிடும் என்று ஸ்டோர் ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தோம். டர்பன்டைன் டின் ஒன்று வேண்டும் என்று மிஷின் பக்கத்திலிருந்து ஆள் வர, சூசை அரிக்கேன் விளக்கைத் தோளுயரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு அறைக்குள் இறங்கினார். நான் மேல்படியில் நின்றேன். பானைகள் வலது கோடியில்; சூசை நின்றது இடது கோடியில். நடுவில் பத்தடிக்குக் குறையாது. சுவரில் நான் ஒட்டிய தாளின்படி, நெருப்பு பென்சினுக்குப் பக்கத்தில் இல்லை.

ஆனால் நாற்றம் அன்றைக்கு அதிகமாக இருந்தது. மேல்படியில் நின்ற எனக்கே கண் எரிந்தது. கதவு வழியாக வரும் வெளிச்சம் போதும், விளக்கு வேண்டாம் என்று தோன்றியது.

"வாசம் தூக்கலா இருக்குவே. வெளக்க அமத்தும்" என்றேன்.

விளக்கை அணை என்ற வார்த்தை எங்கள் வீட்டில் யார் வாயிலும் வராது. மூன்று தலைமுறையாக வேதக்காரர்கள்தான். சகுனம், ராகுகாலம் ஒன்றும் பார்ப்பதில்லை. அப்பா உபதேசியார், சாஸ்திரம் பார்க்கிறவர்களைப் பிரசங்கத்திலேயே கேலி செய்வார். ஆனாலும் விளக்கு அணைந்தது என்று சொல்வது அமங்கலம் என்பது நாக்கில் ஊறிப் போனது. வேதம் மாறினாலும் நாக்கு மாறவில்லை. அமத்து என்றுதான் சொல்லுவோம். நெல்லைச் சீமையில் உங்களில் பாதிப் பேர் வீட்டிலும் அப்படித்தான்.

சூசை குனிந்தார்.

"அமத்திட்டேன் அண்ணாச்சி" என்றார்.

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. தரையில். அது என் கண்ணில் பட்டதும், தரையோடு தரையாக நீல நிறத்தில் ஒன்று வலது கோடியை நோக்கி ஓடியதும் ஒரே சமயம். சத்தம்கூடப் பெரிதாக இல்லை. ஈரத் துணியை உதறினது போல ஒரு சத்தம். பானைகள் இருந்த மூலை பற்றிக்கொண்டது.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். எல்லாம் தெரிந்தவனும் ஆபத்து வந்தால் சின்ன வயதில் கற்றதைத்தான் செய்வான். தீப் பிடித்தால் தண்ணீர். வாசலில் மழைக்கு வைத்திருந்த வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. கால்வாயில் அது தண்ணீரின் மேல் மிதந்ததை என் கண்ணால் பார்த்தவன் நான். பார்த்தது புத்தியில் இருந்தது, கையில் இல்லை. வாளியைத் தூக்கி, மேல்படியிலிருந்தே தண்ணீரைப் பானைகள் மேல் வீசினேன். ஒரு பானை உடைந்தது. எரிகிற பென்சின் அந்தத் தண்ணீரின் மேல் ஏறிக்கொண்டு அறை முழுவதும் பரவி, படியின் அடிக்கு வந்தது. சூசை அப்போதுதான் படியை நோக்கி ஓடி வந்தார். ஈரத்தில் கால் வழுக்கி முன்னால் விழுந்தார். இரண்டு கையையும் ஊன்றினார். ஊன்றிய இடம் எரிந்துகொண்டிருந்தது.

மிஷின் மேஸ்திரிதான் என்னைத் தள்ளிவிட்டு இறங்கி அவரை இழுத்து வந்தவர். அவர் பெயரை எழுத வேண்டாம் என்று அவரே சொல்லியிருக்கிறார். நான் இரண்டாவது வாளிக்குக் கையை நீட்டியபோது என் மணிக்கட்டில் ஓங்கி ஒரு அடி போட்டார். சாக்கை நனைத்து உள்ளே போடச் சொன்னார், மண்ணை வாரிப் போடச் சொன்னார், கதவைச் சாத்தச் சொன்னார். காற்று இல்லாமல் நெருப்பு தானாகவே ஒடுங்கியது. மேலடுக்குக் காகிதக் கட்டுகள் தப்பின. அச்சுக்கூடம் தப்பியது. நானும் தப்பினேன், ஒரு மயிர்கூடக் கருகாமல்.

மறு நாள் விசாரணை. துரை நல்லவர், நிதானமானவர். இலக்கணம் படித்துக் கற்ற தமிழ் பேசுவார். சூசை பானைகளுக்கு அருகே விளக்கைக் கொண்டு போனாரா என்பது முதல் கேள்வி. இல்லை என்றேன். பத்தடி தூரத்திலிருந்து எப்படிப் பற்றும் என்று கேட்டார். மேஸ்திரி வெளியே போய், கூரைத் தண்ணீரை வாங்கி விடும் நீளத் தகரம் ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்தார். அதைச் சாய்வாக வைத்தார். மேல் முனையில் பென்சினில் நனைத்த துணி ஒன்றை வைத்தார். கீழ் முனையில் மெழுகுவத்தி. கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு மெழுகுவத்தியிலிருந்து நீலத் தீ தகரத்தின் வழியாக மேலே ஓடிப்போய்த் துணியைப் பிடித்தது.

"இது நடந்து போற சாமான்வே. காலுதான் கெடையாது" என்றார் மேஸ்திரி.

தோளுயரத்தில் இருந்தவரை விளக்கு ஒன்றும் செய்யவில்லை, தரைக்கு வந்ததும் பற்றியது என்று எல்லாருக்கும் விளங்கியது. துரை அடுத்த கேள்வியைக் கேட்டார். விளக்கை அணைக்கும்படி நீர் சொன்னீரா? சொன்னேன் என்றேன். அவர் அணைத்தாரா? இல்லை என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அணைத்துவிட்டேன் என்று பதில் சொன்னார், ஆனால் அணைக்கவில்லை என்றும் சேர்த்துச் சொன்னேன். சத்தியமாக அப்போது அப்படித்தான் நம்பினேன். சூசை ஆஸ்பத்திரியில் இரண்டு கையும் கட்டோடு காய்ச்சலில் கிடந்தார். அவரை யாரும் கேட்கவில்லை. துரை விபத்துகளைப் பதியும் பெரிய புஸ்தகத்தில் எழுதினார்: சொல் கேளாமையாலும் பொய் சொன்னமையாலும் விபத்து நேரிட்டது. பானைகளை வாங்கியவன் பெயர் அதில் இல்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

சூசையை ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப மனமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பினேன். அடுத்த வாரம் அவர் அண்ணன் வந்து வண்டியில் ஊருக்கு அழைத்துப் போய்விட்டார். வேலையிலிருந்து நிறுத்திய கடுதாசியில் துரை எழுதிய அதே வரியை எடுத்து எழுதியவன் நான். அது என் வேலை. எழுத்து நன்றாக இருக்கும் என்று அந்த வேலையை எனக்குத்தான் கொடுப்பார்கள்.

தை பிறந்து சில நாள் ஆயிற்று. ஒரு காலை, வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவிக்குச் சொந்த ஊர் ஆழ்வார்குறிச்சி. தண்ணீர் கொண்டு வந்த பெண்ணிடம், "கொடத்த அங்கன பைய அமத்தி வையி" என்று சொன்னாள். அந்தப் பெண் குனிந்து குடத்தைத் தரையில் வைத்தாள்.

குடத்தை அமத்தினால் தரையில் வைப்பது. விளக்கை அமத்தினால் அணைப்பது. இரண்டையும் நான் தினமும் சொல்லுகிறேன், தினமும் கேட்கிறேன். விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறவனிடம் அமத்து என்று சொன்னால் அவன் எதைச் செய்வான்? சூசை குனிந்ததும், சொன்ன சொல்லையே திருப்பிச் சொன்னதும் நினைவுக்கு வந்தன. அவர் பொய் சொல்லவில்லை. சொன்னதைச் செய்துவிட்டு, செய்ததைச் சொன்னார். சாப்பாட்டை அப்படியே விட்டு எழுந்தேன். வெட்கமும் பயமும் சேர்ந்து வந்தது; எது அதிகம் என்று இன்றுவரை தெரியாது.

பயம்தான் அதிகம் போலிருக்கிறது. துரையிடம் போக ஒன்பது நாள் எடுத்துக்கொண்டேன்.

துரை கோபிக்கவில்லை. சொல்லுக்கு இரண்டு பொருளா என்று கேட்டுத் தம் அகராதியைத் திறந்து பார்த்தார். இரண்டும் அதில் இருந்தது. எழுதினதை அடிக்க முடியாது, கீழே இன்னொரு குறிப்பு எழுதலாம், நீரே எழுதிக் கொண்டு வாரும், கையெழுத்துப் போடுகிறேன் என்றார். இரண்டு நகல் எழுதினேன். நல்ல தமிழ், கச்சிதமான தமிழ்: "விளக்கை அமர்த்தும்படி சொல்லப்பட்டது. சொன்னபடியே சூசை செய்தார். சொல்லுக்கு இரு பொருள் இருந்தபடியால் விபத்து நேரிட்டது. சூசை பொய் சொல்லவில்லை." துரை கையெழுத்திட்டார். ஒரு நகலைப் புஸ்தகத்தில் ஒட்டினேன். மற்றதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, லீவு கேட்டு வண்டி பிடித்தேன். ஸ்ரீவைகுண்டம் தாண்டி ஏரலில் தங்கி, மறு நாள் காலை புன்னைக்காயல் போய்ச் சேர்ந்தேன்.

சூசை கடற்கரையில் இருந்தார். தோணி ஒன்று கடலில் தள்ளத் தயாராகிக்கொண்டிருந்தது. அதன் தலைவரை அவர்கள் தண்டல் என்பார்கள். அந்தத் தண்டலுக்கு முன்னால் சூசை நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், வாங்க என்றார். கைகளைப் பார்த்தேன். விரல்கள் உள்நோக்கி மடங்கித் தோலோடு தோல் ஒட்டியிருந்தன. கயிறு பிடிக்க முடியாது, துடுப்புப் பிடிக்க முடியாது. எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

விஷயம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. கை போனாலும் தோணியில் அவருக்கு ஒரு வேலை உண்டு. முன்பக்கம் நின்று, பாறையும் மணல்திட்டும் எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் வேலை. அதற்குக் கண்ணும் வாயும் போதும். சூசையின் கண்ணைத் தண்டலுக்குப் பழைய நாளிலிருந்தே தெரியும். ஆனால் நான் எழுதிய கடுதாசியை, படிக்கத் தெரியாத அவருக்காக மாதா கோயிலில் யாரோ வாசித்திருக்கிறார்கள். ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. மூன்று தோணி போய்விட்டது, சூசையை யாரும் ஏற்றவில்லை. வீட்டில் நாலு பிள்ளைகள்.

"கையி போனவன வச்சுக்கிடலாம் ஐயா" என்றார் தண்டல். "சொல்லு கேக்காதவன ஏத்துனா, பொய் சொல்லுதவன முன்னால நிறுத்துனா, எல்லார் உசிரும் போவும்லா."

அதற்காகத்தான் வந்தேன் என்று சொல்லி, தாளை எடுத்து உரக்க வாசித்தேன். விளக்கை அமர்த்துவதற்கு இரண்டு பொருள் இருப்பதை விளக்கினேன். தண்டலுக்கு அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை. தோணியில் பாய்மரத்து விளக்கை அமத்து என்றால் கீழே இறக்கி வைப்பதுதான், அணைக்க வேண்டுமானால் நூத்து என்பார்களாம். நூத்து என்று சொல்லியிருந்தால் சூசையின் கை இன்று நேராக இருக்கும்.

வாசித்து முடித்து, தாளைச் சூசையிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. மறுபடி ஒருதரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கடலைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. சொன்னது ஆருன்னு இல்லியே அண்ணாச்சி?"

எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்றேன்.

"ஒங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். தாளுக்குத் தெரியாதுல்லா" என்றார் சூசை.

தாளைப் பார்த்தேன். சொல்லப்பட்டது. சொன்னபடியே. நேரிட்டது. எழுத்தும் வரியும் அழகாக இருந்தன. ஆனால் அதில் ஒரு ஆள்கூட இல்லை, சூசையைத் தவிர. ஒன்பது நாள் பயந்தவன், தெரிந்தோ தெரியாமலோ அப்படித்தான் எழுதியிருக்கிறான். நம் மொழி அதற்கு நன்றாக இடம் கொடுக்கும். உங்கள் விபத்துப் புஸ்தகத்தைப் போன மாதம் புரட்டிப் பார்த்தேன். மூடி திறந்திருந்தது, டின் சாய்ந்தது, துணி பற்றிக்கொண்டது என்றே பக்கம் பக்கமாக இருக்கிறது. எல்லாம் தானாக நடந்திருக்கிறது.

கோயில் பக்கத்துக் கடையில் மையும் பேனாவும் வாங்கி வந்தேன். தோணியின் பலகைமேல் தாளை வைத்து, சொல்லப்பட்டது என்பதை அடித்துவிட்டு, நான் சொன்னேன் என்று மேலே எழுதினேன். அதோடு நிறுத்த முடியவில்லை. பென்சினைப் பானையில் வைத்தவன் நான் என்று அடுத்த வரி. நெருப்பில் தண்ணீர் ஊற்றி அதை அவர் பக்கம் ஓட விட்டவன் நான் என்று அதற்கு அடுத்தது. அதுவரை அதை யாரிடமும் சொன்னதில்லை. மேஸ்திரிக்குத் தெரியும், அவர் வாயைத் திறக்கவில்லை. என் முழுப் பெயரையும் எழுதினேன். திரும்பி வந்து புஸ்தகத்து நகலிலும் அப்படியே எழுதினேன். வேண்டுமானால் எடுத்துப் பாருங்கள், பழைய அலமாரியில் இருக்கிறது.

முழுவதையும் மறுபடி உரக்க வாசித்தேன். தண்டல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வெயில் ஏறுது, ஏறுலே சூசை என்று சொல்லித் தோணிப் பக்கம் போனார்.

சூசை உடனே போகவில்லை. பலகைமேல் குனிந்து தாளைப் பார்த்தார். அதில் நான் என்கிற எழுத்து எது என்று கேட்டார். காட்டினேன். மடங்கின விரலின் கணுவை அதன்மேல் வைத்தார். மை இன்னும் காயவில்லை.

எத்தனை இடத்தில் இருக்கிறது என்று கேட்டார். மூன்று இடத்தில் என்றேன்.

மற்ற இரண்டையும் காட்டச் சொன்னார்.